இடது கையில் இருந்தது

பிளாக் 19, நெய்வேலி
22.10.2024

செங்கமலம் அண்ணிக்கு,

மலர்கொடி எழுதுவது. இங்கே மாமா, அத்தை, உங்கள் தம்பி, பாப்பா எல்லாரும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு என்ன குறை.

கடிதத்தைப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஜூலை இருபத்திரண்டாம் தேதி, "இனிமே உங்ககிட்ட பேச மாட்டேன்" என்று சமையலறையில் நின்று சொன்னது நான்தான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. உங்கள் நம்பரை பிளாக் செய்தது அப்படியேதான் இருக்கும். போன் என்றால் குரல் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை திருவதிகையில், உங்கள் கடை மாடியில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் தம்பியிடம் சொல்கிறீர்கள்: "ஜெயா, அவள சேர்ல நல்லா சாயச் சொல்லு." "ஜெயா, வாட்சக் கழட்டச் சொல்லு." நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன், எனக்குக் காது கேட்கும். பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு, ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்ட மஞ்சள் பந்தைப் பார்க்கச் சொல்லி இருபத்தொன்றிலிருந்து கீழே எண்ணினீர்கள். மூன்று மாதத்தில் நீங்கள் என்னிடம் நேராகப் பேசியது அந்த நாற்பது நிமிடம்தான். அப்போது என் கண் மூடியிருந்தது. நான் கண்ணைத் திறந்ததும் கதவைத் திறந்து, "ஜெயா, அவளுக்குத் தண்ணி குடு" என்றீர்கள்.

எதற்கு வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பூப்பந்தில் சர்வீஸ் போடும்போது என் இடது கை பந்தை விட மாட்டேன் என்கிறது. வலது கை பேட்டை வீசிவிடும். பந்து விரலுக்குள்ளேயே இருக்கும். மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். டிசம்பர் இருபத்தெட்டு சென்னையில் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வு. பிப்ரவரியில் எனக்கு இருபத்தைந்து முடிகிறது, வயது வரம்பும் அதோடு முடிகிறது. மே மாதம் மாமா ரிட்டையர். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். உங்கள் தம்பி இன்னும் மைன்ஸில் கான்ட்ராக்ட்தான். இந்த வீட்டுக்கு ஒரு பெர்மனென்ட் வேலை வருமென்றால் அது என் இடது கை வழியாகத்தான் வர வேண்டும். அதனால் வந்தேன். உங்கள் மேல் நம்பிக்கை வைத்து இல்லை.

திங்கட்கிழமை காலை பன்னிரண்டு சர்வீஸ் போட்டேன். பதினொன்று கோட்டுக்குள் விழுந்தது. நன்றி சொல்வேன் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்தால் தொட்டிலில் பாப்பா அழுதுகொண்டிருக்கிறாள். தூக்கக் குனிந்தேன். தூக்கவில்லை. தூக்கினால் இந்தக் கை விட்டுவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "இன்னாடி, கொயந்த கத்திகினு இருக்குது, நீ தூண் மாதிரி நின்னுகினு இருக்க?" என்று அத்தை வந்து தூக்கினார்கள்.

"இடது கை எதையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். வைத்திருப்பதை விட்டுவிடும்." நீங்கள் சொன்னது இதுதானே? பந்து என்று சொன்னீர்களா? நான் பிள்ளையை இடுப்பில் வைக்கிற பக்கம் எது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

அன்று நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தீர்கள், பேனா ஓடும் சத்தம் கேட்டது. நான் சொன்னது, நீங்கள் சொன்னது, ஒரு வரி விடாமல் அனுப்புங்கள். என் கைக்குள் வைத்ததைத் திரும்ப எடுங்கள்.

அருள் அண்ணனுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று உங்கள் தம்பி கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை.

ஜெ. மலர்கொடி


திருவதிகை
28.10.2024

மலர்கொடிக்கு,

என் வீட்டுக்காரருக்கு முட்டி வலி தேவலை. இது ஜெயாவுக்கான பதில்.

இனி உனக்கு. ஹிப்னாடிசம் என்றால் கோயில் வாசலில் தாயத்து கட்டுகிற வேலை என்று நினைத்திருக்கிறாய். பி.காம். படித்தவள், என் அம்மாவைப் போலவே பேசுகிறாய். அது தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. காது திறந்தே இருக்கும். மனசு ஒரே இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். சாய்ந்திருப்பவருக்கு இஷ்டமில்லாததை ஒரு வார்த்தை சொல்லிச் செய்ய வைக்க என்னாலும் முடியாது, புதுச்சேரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவராலும் முடியாது. இதுவரை பதினாறு பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஈட்டியைத் தோளுக்கு மேல் தூக்கிவிட்டு எறியாமல் நின்ற பையன் வந்தான். கோட்டைத் தாண்டியதும் குரல் அடைத்துப்போகிற கபடிக்காரி வந்தாள். ஒருவரும் வீட்டுக்குப் போய்ச் சோற்றுத் தட்டைக் கீழே போடவில்லை.

பந்து என்று நான் சொல்லவில்லை. அது என் தப்பு. பிள்ளை வைத்திருப்பவளிடம் கை என்று மொட்டையாகச் சொல்லியிருக்கக் கூடாது. இனிமேல் வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டுதான் படிப்பேன்.

ஆனால் நீயும் ஒன்றை மறைத்திருக்கிறாய். ஆகஸ்டிலிருந்தே நீ பாப்பாவை இடது இடுப்பில் வைப்பதில்லை, வலது பக்கம்தான் என்று ஜெயா சொன்னான். நான் இருபத்தொன்றிலிருந்து எண்ணியது அக்டோபரில். ஆகஸ்டில் உன் இடது பக்கத்தைப் பூட்டியது யார்? அதற்கும் எனக்குத்தான் தபால் வருமா?

நோட்டிலிருந்து இரண்டு பக்கம் நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இன்னொரு முறை வந்தால் வாக்கியத்தைத் திருத்திச் சொல்கிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

தீபாவளிக்கு அம்மா அதிரசம் சுட்டால் ஜெயாவிடம் கொடுத்தனுப்பச் சொல். பாப்பாவின் புருவத் தழும்பில் தேங்காய் எண்ணெய் தடவுகிறீர்களா?

செங்கமலம்


நெய்வேலி
5.11.2024

அண்ணிக்கு,

அத்தை அதிரசம் சுட்டார்கள், உங்கள் தம்பியும் கொண்டுவந்து கொடுத்திருப்பார். மாவில் நான் கை வைக்கவில்லை. பயப்படாமல் சாப்பிடலாம்.

ஆகஸ்டிலிருந்து வலது பக்கம் என்பது உண்மை. இப்போது வலது பக்கமும் இல்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு அவளை மடியில் போட்டுக்கொள்கிறேன். நின்றபடி தூக்குவதில்லை. பத்து மாதப் பிள்ளை, காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்குகிறாள். நான் மறுபடி உட்காருகிறேன். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை உட்கார்ந்து எழுந்தால் முட்டி எப்படி வலிக்கும் என்று அருள் அண்ணனைக் கேளுங்கள்.

அத்தை பக்கத்து வீட்டில் சொல்லியாகிவிட்டது. "எம் பொண்ணு மருமவளுக்கு என்னாத்தையோ வசியம் வச்சிட்டா. பெத்த புள்ளையத் தொட மாட்டேங்குறா." நீங்கள் புதுச்சேரியில் பட்டம் வாங்கியதற்கு இங்கே கிடைத்த பேர் இது.

உங்கள் இரண்டு பக்கத்தையும் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தேன். நிறுத்தி நிறுத்திப் படித்தும் பன்னிரண்டு நிமிடம்தான் வந்தது. நான் சாய்ந்திருந்தது நாற்பது. மற்ற இருபத்தெட்டு நிமிடம் எங்கே? முதல் பக்கத்தின் கடைசி வரியில், "கையில என்ன இருக்குது?" என்று கேட்கிறீர்கள். அடுத்த பக்கத்தின் முதல் வரி, "சரி, மூச்ச நல்லா இழுத்து விடு." நடுவில் நான் ஊமையாகவா இருந்தேன்?

தழும்பைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நீங்கள் கேட்கக் கூடாது.

இன்னொரு முறை வர மாட்டேன். என் பேட்டைக் கேட்காமல் எடுத்து நம் டீம் உமாராணிக்குக் கொடுத்த கைக்கு எதிரில் ஒரு தடவை கண்ணை மூடியதே அதிகம். ஐந்து வருஷம் ஒரே டீமில் ஆடியிருக்கிறோம். நான் முன்னால், நீங்கள் பின்னால். எனக்குப் பின்னால் விழுகிற பந்து எல்லாம் உங்களுடையது என்று திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் உங்கள் வீட்டுக்கே மருமகளாக வந்தேன். பிரசவத்துக்கு முத்தாண்டிக்குப்பம் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் அலமாரியில் பேட் இல்லை. "புள்ள பெத்தவ இனிமே எங்க வரப் போறா, நீ ஆடு" என்று சொல்லிக் கொடுத்தீர்களாம். ஜூலையில் உமாராணியே சொன்னாள்.

விட்டுப்போன பக்கங்களை அனுப்புங்கள்.

மலர்கொடி


திருவதிகை
14.11.2024

மலர்கொடிக்கு,

சுகம். சொன்னேன். உமாராணியிடம் அந்த வார்த்தைதான் சொன்னேன், மாற்றிச் சொல்லப் போவதில்லை. நீ வர மாட்டாய் என்று நினைத்தேன், அது பொய்யாகிவிட்டது. உமாராணியிடமிருந்து ஜூலையிலேயே பேட்டைத் திருப்பி வாங்கி, நரம்பு மாற்றி, உன் அலமாரிக்கு மேல் வைத்தது யார் என்று நீ கேட்கவில்லை. கேட்க மாட்டாய். கேட்டால் பேச வேண்டியிருக்கும்.

மற்றப் பக்கங்களை அனுப்ப மாட்டேன். தேர்வு முடியட்டும். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, பந்தைப் பார்.

மழை காலம். பாப்பாவைத் தரையில் விடாதே. யாராவது தூக்கட்டும்.

செங்கமலம்


நெய்வேலி
22.11.2024

அண்ணிக்கு,

யாராவது தூக்கட்டும் என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லை.

இங்கே எல்லாருக்கும் சளி. பாப்பாவுக்கு மூக்கடைப்பு, காய்ச்சல் இல்லை. உங்கள் மந்திரமும் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் பழையபடி பந்து விரலுக்குள்ளேயே நிற்கிறது. இருபது சர்வீஸில் பதினாறு தடவை வெறும் பேட் காற்றில் போனது. கோச் பக்கத்தில் வந்து, "ஏம்மா, பந்துல பசை கிசை தடவியிருக்கியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சர்வீஸாவது இருந்ததே என்று பிள்ளையை விட்டேன். இப்போது சர்வீஸும் இல்லை, பிள்ளையும் இல்லை.

ராத்திரி இவர் பி ஷிப்ட் முடிந்து வந்து கேட்டார். "மலரு, எங்கக்கா மேல இருக்கிற கோபத்த பாப்பா மேல காட்டுறியா?" அவருக்கு நான் என்ன சொல்ல? பாப்பா கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தாள் என்றுதான் அவருக்கு இன்று வரை தெரியும். மாமாவுக்கும் அத்தைக்கும் அதுதான். புருவத்தில் மூன்று தையல் போட்ட டாக்டருக்கும் அதுதான். ஆகஸ்ட் பதினான்கு, புதன்கிழமை. ஆஸ்பத்திரியில் முதலில் "கட்டில்லேர்ந்து" என்று சொன்னது நீங்கள். "ஆமா, கட்டில்லேர்ந்து" என்று சொன்னது நான். இருபத்து மூன்று நாள் பேசாமல் இருந்த நாம் இருவரும் சேர்ந்து சொன்ன ஒரே வாக்கியம் அது. எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்.

இந்த வீட்டில் அன்று கட்டில் பக்கம் யாரும் போகவே இல்லை. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் உங்களிடம் நீட்டினேன். நடுவில் விழுந்தாள்.

அந்த இருபத்தெட்டு நிமிடத்தில் இதுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள்.

மலர்கொடி


நெய்வேலி
9.12.2024

அண்ணிக்கு,

பதினேழு நாள் ஆகிறது. புயலில் தபால் நின்றது தெரியும். கெடிலத்தில் தண்ணீர் வந்ததும் தெரியும். நீங்கள் சுகம் என்று உங்கள் தம்பி சொல்லிவிட்டார். இங்கே இரண்டு நாள் கரண்ட் இல்லை, மற்றபடி சுகம். நான்கு நாளாகத் தபால்காரர் ஒழுங்காக வருகிறார். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. உங்களுக்கு இல்லை, எனக்கு.

மலர்கொடி


திருவதிகை
13.12.2024

மலருக்கு,

கடைக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. சாமான்களை எல்லாம் மாடிக்கு ஏற்றினோம். நீ சாய்ந்த நாற்காலியின் மேல் இப்போது பருப்பு மூட்டை இருக்கிறது. நோட்டு நனையவில்லை. நனைந்திருந்தால் உனக்கு அப்படியே எழுதித் தப்பித்திருப்பேன்.

விட்டுப்போன பக்கத்தை அனுப்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். பார்த்து எழுதுகிறேன்.

"கையில என்ன இருக்குது?" என்று கேட்டேன். பந்து என்று சொல்வாய் என நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஈட்டிக்காரன் ஈட்டி என்றான். நீ, "பாப்பா" என்றாய்.

"எங்க இருக்க?"

"அடுப்பாண்ட. பால் பொங்குது. பாப்பா இடுப்புல இருக்குறா."

"வேற யாரு இருக்காங்க?"

"அண்ணி வராங்க."

"அண்ணிகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அதுவரை நான் அங்கே வந்தபோதெல்லாம் நாம் பேச வேண்டியதை எல்லாம் பாப்பாவிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். "பாப்பா, உங்க அத்தைய டீ குடிக்கச் சொல்லு." "பாப்பா, மிளகா காயுது, எடுத்து வைக்கணுமான்னு உங்கம்மாவக் கேளு." ஏழு மாதப் பிள்ளை நம் இருவருக்கும் நடுவில் தூது போய்க்கொண்டிருந்தாள். முந்தின நாள் நீ, "பாப்பா, அத்தகிட்ட போறியா?" என்று நீட்டினபோது, நான் அவளைக் கொஞ்சுகிற மாதிரி, "உங்கம்மாவுக்கு வாயில்லியாடி? வாய எங்க வச்சிட்டா?" என்று கேட்டேன். நீ அதற்கு மறுநாள் பாப்பாவிடம்கூட ஒன்றும் சொல்லாமல் வெறுமே நீட்டினாய்.

"அண்ணி கைய நீட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"நீட்டினாங்க" என்றாய். உன் மூச்சு வேகமாக ஓடியது.

அப்போது நான் பேசினேன். பேசக் கூடாது. சாய்ந்திருப்பவரின் கதைக்குள் உன் கதையைக் கொண்டுபோகாதே என்று வகுப்பில் முதல் நாளே சொல்வார்கள். நோட்டில் அதை எழுதவில்லை, ஆனால் வார்த்தை மறக்கவில்லை. "நீட்டினேன், அப்பறம் இழுத்துக்கினேன் மலரு. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கட்டும்னு ஒரு சாண் இழுத்துக்கினேன்." அவ்வளவுதான். ஒரு சாண். பின்னால் எவ்வளவு தூரத்தில் விழுந்த பந்தை எல்லாம் எடுத்திருக்கிறேன். நிலைப்படியில் அவள் புருவம் பட்ட சத்தம் கேட்ட பிறகுதான் என் கை போனது.

உனக்கு நினைவிருக்காது என்று நினைத்தேன். சிலருக்கு இருக்காது. அதனால்தான் உன் கண் மூடியிருந்தபோது சொன்னேன் என்றால் நீ காறித் துப்புவாய். துப்பு.

ஜெயாவிடம் சொல்வதானால் சொல். இதை எழுத்தில் வைத்திருக்கிறாய். அம்மாவுக்குச் சளி எப்படி இருக்கிறது?

செங்கமலம்


நெய்வேலி
16.12.2024

அண்ணிக்கு,

அத்தைக்குச் சளி விட்டுவிட்டது.

நீங்கள் சொன்னது எனக்கு அன்றே கேட்டது. ஒரு சாண் என்பது வரை கேட்டது. காது திறந்தே இருக்கும் என்று அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கண்ணை மூடியிருப்பவளிடம் சொன்னது சொன்னதில் சேராது. கண்ணைத் திறந்துகொண்டு, பேர் போட்டு, தேதி போட்டு வரட்டும் என்றுதான் இரண்டு மாதமாகத் தபால் தலை ஒட்டினேன். வந்துவிட்டது. பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் தம்பியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது உங்களுக்காக இல்லை.

மலர்கொடி


திருவதிகை
20.12.2024

மலருக்கு,

சுகம். எனக்காக இல்லை என்று எழுதியிருக்கிறாய். பின்னே யாருக்காக?

நோட்டில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. அதையும் அனுப்பவில்லை. நான் சொல்லி முடித்த பிறகு உன்னிடம் கேட்டேன்: "நீ எப்ப மலரு கைய எடுத்த?" மூன்று தடவை கேட்டிருக்கிறேன், மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். மூன்று தடவையும் உன் இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது. நகம் வெளுக்கும் அளவுக்கு. அதற்குப் பிறகுதான் கையை விடு, விட்டுவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பந்து ஞாபகமே வரவில்லை.

நான்காம் தடவை கேட்க மாட்டேன். குளிர்ந்த தண்ணீர் குடிக்காமல் சென்னைக்குப் போய் வா.

செங்கமலம்


நெய்வேலி
2.1.2025

அண்ணிக்கு,

புது வருஷம் எல்லாருக்கும் நல்லபடியாக இருக்கட்டும். உங்களையும் சேர்த்தேதான் எழுதுகிறேன், மனசு வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். சென்னை போய் வந்தோம். பாப்பாவையும் எடுத்துக்கொண்டு போனோம். பஸ்ஸில் ஐந்து மணி நேரமும் உங்கள் தம்பி மடியில்தான் இருந்தாள். என் பக்கம் பாயும்போதெல்லாம் ஜன்னலைக் காட்டினேன்.

நீங்கள் நான்காம் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கேட்காததால் எழுதுகிறேன்.

பால் பொங்கிக்கொண்டிருந்தது. நான் அவளை நீட்டினேன். நீங்கள் கை நீட்டினீர்கள், பிறகு இழுத்தீர்கள். இழுத்ததை நான் பார்த்தேன். நீங்கள் இழுத்தது எனக்குத் தெரியாது, நான் ஏமாந்துவிட்டேன் என்றுதான் ஐந்து மாதமாக உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன். தெரியும். உங்கள் முகத்தைக்கூட இல்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "பிடிங்க" என்ற ஒரு வார்த்தை வாய்க்குள் வந்துவிட்டது. அதைச் சொன்னால் முதலில் பேசியவள் நான் என்று ஆகிவிடும். இருபத்து மூன்று நாள் போய்விடும். நான் விட்டால் அவங்களே பிடிச்சாகணும் என்று தோன்றியது. விட்டேன். கை நழுவவில்லை அண்ணி. விட்டேன்.

உங்கள் ஒரு சாணை நான் பீரோவில் வைத்திருக்கிறேன். இதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வைச் சொல்கிறேன். என்னை முதல் செட்டில் சர்வீஸுக்கு நிறுத்தினார்கள். முதல் பந்து, கை திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு சேலத்துப் பெண், தேனீ மாதிரி பரபரவென்று இருந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். இரண்டாவது, இல்லை. உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் தம்பி, தோளில் பாப்பா. மூன்றாவது பந்தை எடுத்தபோது வாய் தானாகத் திறந்துவிட்டது. "பிடிங்க" என்றேன். சத்தமாக.

கை திறந்தது. பந்து போனது. அந்தச் சேலத்துப் பெண் திகைத்து நின்றதில் எடுக்கவே இல்லை.

"யாரும்மா எதைப் புடிக்கணும்? எதிராளிகிட்ட பேசக் கூடாது, சர்வீஸ் போடு" என்றார் நடுவர். அதற்குப் பிறகு உதட்டுக்குள் சொன்னேன். ஒவ்வொரு பந்துக்கும் சொன்னேன். சொல்லாமல் ஒன்று போட்டுப் பார்ப்போம் என்று ஒரே ஒரு தடவை பார்த்தேன். அது விரலிலேயே நின்றது. மற்றது எல்லாம் போனது. இரண்டு வெளியே விழுந்தது, அது காற்று. பட்டியல் இந்த மாதக் கடைசியில் வரும். முதல் இரண்டைப் பார்த்தவர் என்ன குறித்தாரோ, எனக்குத் தெரியாது. மாமா தினமும் வந்ததா வந்ததா என்று கேட்கிறார்.

வெளியே வந்ததும் பாப்பா இவர் தோளிலிருந்து என் மேல் சாய்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். "இருங்க, விடாதீங்க" என்றேன். இரண்டு கையையும் அவள் அக்குளுக்குக் கீழ் கொடுத்தேன். "பிடிச்சிட்டேன், இப்ப விடுங்க" என்றேன். "நீ என்னாடி, கிரேன் எறக்குற மாதிரி ஆர்டர் போடுற?" என்றார். வலது பக்கம்தான் வைத்தேன். பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவில் இறக்கவில்லை.

இனி பொங்கல். வழக்கம்போல உங்கள் தம்பி வரிசைச் சாமானோடு திருவதிகைக்கு வருவார். வழக்கம்போல நீங்கள் காணும் பொங்கலுக்கு இங்கே வருவீர்கள். வராதீர்கள் என்று சொல்ல இது என் வீடு இல்லை, மே மாதம் வரை உங்கள் அப்பா வீடு. நான் உங்களிடம் பேச மாட்டேன். நீங்கள் செய்ததும் போகாது, நான் செய்ததும் போகாது. நோட்டில் ஒரு பக்கத்துக்கு எதிராக இன்னொரு பக்கம் எழுதினால் கழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் அவள் உங்களைப் பார்த்ததும் பாய்வாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் நீட்ட வேண்டிவரும். அப்போது நான் "பிடிங்க" என்று சொல்வேன். பாப்பாவிடம் இல்லை, உங்களிடம், உங்கள் முகத்தைப் பார்த்து. நீங்கள் "பிடிச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும். எனக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். அது கேட்காமல் நான் கையை எடுக்க மாட்டேன், எவ்வளவு நேரமானாலும் இருவரும் அப்படியே நிற்போம்.

அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் நமக்குள் ஒன்றும் இல்லை.

அருள் அண்ணனுக்கு முட்டி எப்படி இருக்கிறது? இதை நான்தான் கேட்கிறேன்.

மலர்